இரண்டாவது சேனல்

காத்தவராயனுக்குச் சந்தேகம் வருவதற்குக் காரணம் என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை. டீக்கடையில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்து, இவர் வந்ததும் பேச்சை நிறுத்தினால் சந்தேகம். நிறுத்தாமல் சிரித்துக்கொண்டே இருந்தால் அதைவிடச் சந்தேகம். ‘நம்மளக் கண்டு பயம் விட்டுப்போச்சுன்னா இவனுங்களுக்குப் பின்னால யாரோ இருக்கணும்’ என்று டீயை ஆறவிட்டு யோசிக்கிற மனிதர் அவர்.

கடலூருக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு குப்பம் அது. ஊர்ப் பஞ்சாயத்தில் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டில் இவர் ஒருவர். தலைவர் குப்பு என்றாலும், எவன் எங்கே என்ன பேசினான் என்று கணக்கு வைத்திருப்பது காத்தவராயன்தான்.

சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு தொண்டு நிறுவனம் போகும்போது பன்னிரண்டு சின்ன ரெக்கார்டர்களை ஊரில் விட்டுப்போயிருந்தது. கூட்டத்துக்கு நடுவில் ஒரே மைக்கை வைத்துப் பதிவு செய்து பார்த்து அலுத்துப்போனவர்கள் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் மீன் ஏலம் கேட்ட மாதிரிதானே இருக்கும்! அதனால் ஆளுக்கு ஒன்றைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பெயிண்டால் எண் எழுதினார்கள். கூட்டத்துக்கு வருகிற வரிசையில் ஒன்றிலிருந்து கொடுத்து, யாருக்கு எந்த எண் என்று பட்டியலில் குறித்துக்கொள்வார்கள். நிறுவனம் போன பிறகும் இந்த வழக்கத்தை விடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவர் காத்தவராயன். “நான் அப்படிச் சொல்லவே இல்ல” என்று இனி ஒருத்தன் வாய் திறக்க முடியாதல்லவா, அந்தச் சந்தோஷம் அவருக்கு.

கூட்டம் முடிந்ததும் ரெக்கார்டர்கள் ஒரு பையில் சிதம்பரத்துக்குப் போகும். அங்கே மேல வீதியில் ஒரு மாடியில் ஒலிப்பதிவுக் கடை. ஜூலி என்ற பெண் பார்த்துக்கொள்கிறாள். சொந்த ஊர் கடலூர்தான், மாதா கோவில் பாட்டுக் குழுவுக்குப் பதிவு செய்து பழகியவள். கூட்டம் தொடங்கும்போது அடிக்கிற ஊர் மணி எல்லா ரெக்கார்டரிலும் விழுந்திருக்கும். அந்த மணிச் சத்தத்திலிருந்து எல்லாப் பதிவையும் ஒன்றுபோல வெட்டி, ரெக்கார்டர் எண்ணையே ஃபைலுக்குப் பெயராக வைப்பாள். பிறகு கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி கட்டளை. அத்தனை பதிவும் ஒரே ஃபைலாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஒருவர் குரல் இன்னொருவரோடு கலக்காது. ஆளுக்கு ஒரு சேனல். வேண்டிய சேனலைத் திறந்தால் வேண்டிய ஆள் பேசுவான்.

2010-ஆம் வருஷம் ஆனி மாதம் நடந்தது இது. வடக்கே இருந்த ஊர்க்காரர்கள் சுருக்குமடி வலை போட்டுக் குஞ்சு குருமான் விடாமல் அள்ளிக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமை விடியலில் நாற்பது படகு போய் அவர்களைக் கடலிலேயே மறிப்பது என்று பஞ்சாயத்தில் முடிவானது. விஷயம் பெரிது என்பதால் அன்றைக்குப் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். மற்ற நாட்களில் ஏழெட்டுப் பேர் சேர்வதே கஷ்டம்.

நாற்பது படகும் போனது. அங்கே எண்பது படகு தயாராக நின்றது. குப்புவின் தம்பிக்குக் கை முறிந்தது, ஒரு இஞ்சின் கடலோடு போனது, வலைகளை அறுத்தெறிந்தார்கள். கரைக்குத் திரும்பியவர்கள் வாயில் ஒரே கேள்விதான். யார் சொன்னது?

கூட்டத்துக்கு வருகிறவர்கள் செல்போனை அணைத்துச் சமுதாயக்கூட வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் காத்தவராயன்தான். தன் போனை மட்டும் அவர் கூடையில் போடமாட்டார். எவனாவது எடுத்து நோண்டினால்? அணைத்துச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்வார். அது வேறு விஷயம், பஞ்சாயத்துக்குப் பொறுப்பானவர் அவர் என்று அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் ஜூலியிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, நீங்க கேட்டீங்கள்ல, வித்தியாசமா ஏதாச்சும் சத்தம் இருக்கான்னு. ஒரே ஒரு சேனல்ல செல்போன் இரைச்சல் இருக்கு. கால் போவும்போது ரேடியோ பக்கத்துல டிக்கிடி டிக்கிடின்னு ஒண்ணு கேக்குமே, அது.”

“எந்தச் சேனலு?”

“ரெண்டாவது. கூட்டம் ஆரம்பிச்சுப் பத்து நிமிசத்துல வருது. அப்புறம் விட்டு விட்டுக் கடைசி வரைக்கும் இருக்கு. யாரோ போனை ஆன் பண்ணிக் கழுத்துக்கிட்டயே வச்சிருக்காங்க.”

காத்தவராயன் அன்றைய எண் பட்டியலை எடுத்துப் பார்த்தார். ஒன்று, குப்பு. இரண்டு, அய்யனார்.

அவருக்கு ஆச்சரியமே இல்லை. அய்யனார் அவருடைய தங்கை தில்லையம்மாளின் புருஷன். அய்யனாரின் அம்மா பிறந்தது அந்த வடக்கு ஊரில். இருபது வருஷமாகக் காத்தவராயன் அதை மனசின் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார். இப்போது அதை எடுக்கும் நேரம் வந்தது. அந்தப் பெண்ணிடம் வேறு ஒரு கேள்வியும் கேட்காமல் போனை வைத்தார்.

அன்று மாலையே ஊர்க் கூட்டத்தில் சொன்னபோது அய்யனார் எழுந்து நின்றார்.

“என் போனு கூடையிலதான் கெடந்துச்சு. எல்லாரும் பாத்தீங்க.”

“இன்னொண்ணு வச்சிருந்திருப்ப, மச்சான்.”

“சரி, நான் சிதம்பரம் போயி அந்தப் பொண்ணுகிட்ட நேராக் கேக்கறேன்.”

“எதுக்கு? மாத்தி வைக்கவா?” காத்தவராயன் ஊரைப் பார்த்துத் திரும்பினார். “கம்ப்யூட்டர்ல மாத்த முடியாதது எதுனா உண்டா? இங்கேருந்து எடுத்து அங்க ஒட்டிட்டா யாருக்குத் தெரியும்? அந்தாளு ஊட்டுலேருந்து ஒருத்தரும் அந்தக் கடைப் படி ஏறக்கூடாது.”

ஊர் தலையாட்டியது. ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு என்று முடிவானது. தீர்ப்பு என்ன என்று எல்லோருக்கும் தெரியும், ஊர் விலக்கு. அய்யனாரின் படகில் ஒருவரும் ஏறமாட்டார்கள். கடையில் சாமான் கிடையாது, பேச்சு கிடையாது. அவர் மகள் பூஜாவுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். விலக்கி வைத்த வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வீடு தாம்பூலத் தட்டோடு வரும்?

சனிக்கிழமை காலையில் காத்தவராயன் பஸ் ஏறிச் சிதம்பரம் போனார். தீர்ப்பன்று அந்தச் சத்தத்தை ஊருக்குப் போட்டுக் காட்ட ஒரு சிடி வேண்டும். அய்யனார் மறுபடி வாய் திறக்காதபடி செய்துவிட வேண்டும் என்று நினைத்தார்.

ஜூலி ஹெட்போனை மாட்டிவிட்டாள். டிக்கிடி டிக்கிடி என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“இதோட அவன் கொரலையும் கொஞ்சம் சேத்துக் குடும்மா. ஊர்ல ஒருத்தனும் சந்தேகப்படக்கூடாது.”

அவள் கொஞ்சம் தள்ளி ஓட்டினாள். ஒரு செருமல் கேட்டது. பிறகு யாரோ வாய்க்குள்ளேயே முனகினார்கள். யார் இந்த ஆள், கரகரவென்று? காத்தவராயன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தக் குரல் சொன்னது: “இந்த அய்யனாரு என்னாத்துக்கு இன்னைக்கி வாயே தொறக்க மாட்டேங்கறான்? எதுனா மனசுல வச்சிருக்கான்.”

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

அந்த வார்த்தை அவர் சொன்னது. கடைசி வரிசையில், கதவோரம், எல்லோருடைய முதுகும் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு தனக்குத் தானே முனகியது. அன்று அவர் கழுத்தில் தொங்கிய எண் பத்து.

“அய்யனாரு இங்க வந்தானா?” என்று ஜூலியைப் பார்த்துக் கேட்டார். “உண்மையைச் சொல்லு. என்னா குடுத்தான்?”

“அண்ணே, மரியாதையாப் பேசுங்க. இங்க யாரும் வர்ல.”

“அப்ப என் கொரலு எப்படி அவன் சேனலுக்கு வந்துச்சு?”

ஜூலிக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. ஆனால் கேள்வி உறுத்தியிருக்க வேண்டும். கறுப்புத் திரையைத் திறந்து அன்றைக்கு அடித்த கட்டளையைப் பார்த்தாள். பிறகு ஃபைல்களின் வரிசையை வரவழைத்தாள். பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அய்யோ மாதாவே! அண்ணே, தப்பு என்னுதுதான். நான் ஒவ்வொரு பேராத் தட்டாம, நட்சத்திரக் குறி போட்டு, இருக்கறது எல்லாத்தையும் எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன். எப்பவும் அப்படித்தான் செய்வேன். கம்ப்யூட்டரு நம்பரை நம்பரா எண்ணாது, எழுத்து மாதிரிதான் அடுக்கும். ஒண்ணுல ஆரம்பிக்கறது எல்லாம் மொதல்ல, பத்து எழுதறப்பவும் மொத எழுத்து ஒண்ணுதானே. ஒண்ணு, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, அதுக்கப்பறம்தான் ரெண்டு. இதுக்கு முன்னாடி ஒங்க கூட்டத்துல ஒம்பது பேருக்கு மேல வந்ததே இல்ல, அதனால தெரியல.”

“அப்ப ரெண்டாவது சேனலு…”

“பத்தாம் நம்பரு. அய்யனாரு அஞ்சாவது சேனல்ல இருக்காரு. அதுல ஒரு இரைச்சலும் இல்ல.”

காத்தவராயன் உள்பையிலிருந்து போனை எடுத்தார். அணைத்தோம் என்றுதான் நினைத்திருந்தார். பொத்தானைச் சரியாக அழுத்தாமல் உள்ளே போட்டிருக்கிறார். கீபேடுக்குப் பூட்டும் போடவில்லை. குனிந்து நிமிர்ந்ததில், ரெக்கார்டர் வந்து இடித்ததில், கடைசியாகப் பேசிய எண்ணுக்கு அதுவே போயிருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் கடைசியாகப் பேசியது மீன் வியாபாரி தட்சிணாமூர்த்தியிடம். இரண்டு ஊரிலும் மீன் எடுக்கிற ஆள். அதற்குப் பிறகு பேசியதில் போனிலிருந்த பட்டியலில் அந்தக் கால் அழிந்துபோயிருந்தது.

ஒவ்வொன்றாக வந்து அவர் மண்டையில் அடித்தது. கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் போனில் பேலன்ஸ் சுத்தமாக இல்லை. ரீசார்ஜ் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனோடு மல்லுக்கு நின்றார். மறுநாள் தட்சிணாமூர்த்தி, “என்னாண்ணே, நேத்து போன் போட்டுட்டு எங்கிட்டப் பேசவே இல்ல?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான். இவன் எதற்கு நம்மிடம் வாயைக் கிளறுகிறான் என்று சந்தேகப்பட்டு, பதில் சொல்லாமல் வந்துவிட்டார். கூட்டம் மொத்தத்தையும் அவன் காதில் ஊற்றியது வேறு யாருமில்லை, இவரேதான்.

ஜூலி மெதுவாகக் கேட்டாள். “இப்ப என்னாண்ணே செய்யறது?”

வெளியே மேல வீதியில் ஷேர் ஆட்டோக்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சிடி எதுவும் இல்லாமல் ஊருக்குப் போய்விடலாம். சொன்னது சொன்னபடி இருக்கும். இந்தப் பெண் ஒருத்திக்குத்தான் தெரியும். இவளும் கடலூர்க்காரி, எங்காவது உளறிவிடுவாளோ? அந்த நிலையிலும் அவர் மனசு இப்படித்தான் ஓடியது. பிறகு பூஜாவின் முகம் வந்தது. குழந்தையில் அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“பத்தாம் நம்பரைத் தனியா ஒரு சிடியாப் போட்டுக் குடும்மா. இரைச்சலும் இருக்கணும், என் பேச்சும் இருக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தில் ஊரே கூடியது. அய்யனாரும் தில்லையம்மாளும் பூஜாவும் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். காத்தவராயன் எழுந்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. கூடையில் போடாத போன், தப்பாக அடுக்கிய சேனல், தட்சிணாமூர்த்தி எல்லாவற்றையும் சொன்னார். சிடியைப் போட்டார். டிக்கிடி டிக்கிடி என்று கேட்டது. அவருடைய செருமலும் முனகலும் கூடம் முழுக்கக் கேட்டது.

“நான்தான். என் போனுதான். அய்யனாருக்கு இதுல ஒண்ணும் சம்பந்தம் இல்ல. தண்டனைய எனக்குக் குடுங்க.”

குப்பு தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“முடிஞ்சிதா காத்தவராயா? ஒக்காரு. தங்கச்சி குடும்பம், மனசு கேக்கல. எங்களுக்கும் புரியுது.”

“இல்ல குப்பு! கேட்டியே, என் கொரலுதான அது!”

“கொரலு ஒங்களுதுதான்” என்றான் பின்னாலிருந்து கொளஞ்சி. “அந்த டிக்கிடிய எங்கேருந்து வேணா எடுத்து ஒட்டலாமே. நீங்கதான சொன்னீங்க? தீர்ப்புக்கு மொத நாளு நீங்க எதுக்கு சிதம்பரம் போனீங்க?”

“தட்சிணாமூர்த்தியக் கேளுங்கய்யா!”

குப்பு எல்லோர் முன்னாலும் போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்டார். “எந்தப் போனு? அண்ணன் எனக்குப் போன் போட்டே ரொம்ப நாளாச்சே” என்றான் தட்சிணாமூர்த்தி.

“பொய்! அவன் பொய் சொல்றான்!”

“இன்னைக்கி அவன் பொய், நேத்து அய்யனாரு பொய்” என்று ஒரு கிழவர் சலித்துக்கொண்டார். “ஒனக்கு ஊர்ல எல்லாருமே பொய்தான்.” கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

காத்தவராயன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கெஞ்சினார், அதட்டினார், கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்றார். ஒருவரும் நம்பவில்லை. தங்கைக்காகத் தன் மானத்தையே விட்டுக்கொடுக்கிறார் பார் என்று இரண்டு பேர் அவரை மெச்சவும் செய்தார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. குப்பு தீர்ப்பைச் சொன்னார். அய்யனார் குடும்பம் ஊரை விட்டு விலக்கு. மறு பேச்சில்லை.

காத்தவராயன் அன்றும் தன் கழுத்துக்கு வந்திருந்த பத்தாம் எண்ணைக் கழற்றி நாற்காலியில் போட்டார். செருப்புக்கூட மாட்டாமல் வெளியே நடந்து, வேப்பமரத்தடியில் அய்யனார் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். “ஒங்களுக்கு என்னாவோ அதுதான் எனக்கும், மச்சான்” என்றார். அய்யனார் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பூஜா தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் நகர்ந்தாள்.

தில்லையம்மாள்தான் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண்ணில் அழுகை இல்லை.

“நாங்க இங்க என்னா பேசிக்கறோம்னு பாத்துட்டு வரச் சொல்லி ஒன்ன அனுப்பிச்சாங்களா?” என்று கேட்டாள்.