நாற்பது வார்த்தை அட்டை

சங்கத்தில் எல்லோரும் அவளைக் கத்திரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அதுவும் முகத்துக்கு நேரேயே. பத்திரிகை ஒன்றில் முப்பது வருடம் பிறர் எழுதியதை வெட்டிச் சுருக்கியே வயிறு வளர்த்தவள். ஓய்வு பெற்றால் மட்டும் கை சும்மா இருக்குமா? ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை திரட்டும் சங்கத்தில் சம்பளமில்லாமல் சேர்ந்து அதே வேலையைத் தொடர்ந்தாள். நன்கொடையாளர்களுக்கு வருடாவருடம் ஒரு தேநீர் விருந்து நடக்கும். அதற்கு முன்பே ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் ஓர் அட்டை அச்சடித்து நன்கொடையாளர்களின் வீட்டுக்கு அனுப்புவார்கள். மேலே புகைப்படம், கீழே நாற்பது வார்த்தை. நாற்பத்தொன்று ஆகக் கூடாது, வாயில் நுழையாத சொல் வரக் கூடாது. இரண்டும் அவள் போட்ட சட்டம்.

இந்த வருடம், சிறுநீரகத்துக்கு மருந்து தேடுகிற பெண் நூற்றிருபது வார்த்தையோடு வந்து நின்றாள். கத்திரியக்கா வெட்டினாள். வெட்ட வெட்டப் பளிச்சென்று இருந்தது. கடைசி வரியில் அந்தப் பெண் தயங்கினாள்.

"அக்கா, 'இதுவரை எலிகளிடம் மட்டுமே சோதித்திருக்கிறோம்'னு இருக்கே, அது மட்டும் இருக்கட்டுமே."

"காலங்கார்த்தால காபி குடிச்சுக்கிட்டே தபாலப் பிரிப்பாங்கம்மா. எலியப் பாத்தா கப்பக் கீழ வச்சிருவாங்க."

பெண் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மேற்கொண்டு வாதாட அவளுக்கு வாய் வரவில்லை. வரி போனது.

விருந்தன்று ரொட்டிக்கடைக்காரர் வந்தார். வருடாவருடம் விருந்துக்கு இலவசமாக கேக் அனுப்புகிறவர். பெட்டியை வைத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவார். இன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையும் கையில் அட்டையுமாக நேரே அந்தப் பெண்ணிடம் போனார். பக்கத்து மேசையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த கத்திரியக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் அட்டை ஆளை உள்ளே இழுத்துவந்துவிட்டதே.

"நீதானேம்மா இது? என் பொண்ணுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. பத்தொம்போது வயசு. அவ அம்மாவோடத எடுத்து வைக்க வர்ற செவ்வாக்கிழமை ஆபரேஷன் முடிவாயிருந்துச்சு. பயந்து ஒரே அழுக. அப்பத்தான் இந்த அட்டை வந்துச்சு, வயித்துல பால வார்த்த மாதிரி. மருந்தே வருதாம், எதுக்கு ரெண்டு பேரையும் கிழிக்கணும்னு நேத்து போன் பண்ணி ஆபரேஷன் வேணாம்னுட்டேன். மருந்து எப்பம்மா கிடைக்கும்?"

பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் திரும்பிக் கத்திரியக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்பதுபோல் அல்லவா இருந்தது.

ஒரு நிமிடம் கத்திரியக்கா கோழையாகத்தான் இருந்தாள். இந்தப் பெண் படித்தவள்தானே, பக்குவமாகச் சொல்லிக்கொள்ளட்டும், நமக்கு அடுக்க இன்னும் கோப்பைகள் இருக்கின்றன என்று நினைத்தாள். நினைத்ததற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"தம்பி, அந்த மருந்த மனுஷங்களுக்கு இன்னும் குடுக்கவே இல்ல. எலிக்குத்தான் குடுத்துப் பாத்திருக்காங்க. இந்தப் பொண்ணு அத எழுதித்தான் குடுத்துச்சு. நான்தான் வெட்டிட்டேன்."

"ஏன்?"

முப்பது வருடத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"படிக்க நல்லாருக்கணும்னு."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பெண்ணிடம் கேட்டார்:

"எலிங்களாவது பொழைச்சுதாம்மா?"

"பாதிதாங்க பொழைச்சுது."

அங்கேயே நின்றபடி மருத்துவமனைக்குப் போன் போட்டார். செவ்வாய்க்கிழமையை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்களாம். அடுத்த தேதி ஏழு வாரம் கழித்து. அதுவரை உடம்பு தாங்குமா என்று அவர் கேட்டது இவர்கள் காதில் விழுந்தது, பதில் விழவில்லை. போனைப் பையில் போட அவருக்கு இரண்டு மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

அட்டையைக் கத்திரியக்கா முன்னால் வைத்தார்.

"எம் பொண்ணு இத ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சு தெனம் படிக்கிறா, அங்கேருந்துதான் எடுத்துட்டு வந்தேன். நான் போய்ச் சொன்னா, ஆபரேஷனுக்கு இழுக்கத்தான் அப்பா புளுகுறாருன்னுவா. அந்த வரிய நீங்களே எழுதிக் குடுங்கக்கா."

அந்தப் பெண் பேனாவை நீட்டினாள். கத்திரியக்கா வாங்கி, அச்சடித்த நாற்பது வார்த்தைக்குக் கீழே அந்த நான்கு வார்த்தையை எழுதினாள். எழுதி முடித்த பிறகும் அட்டையில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது.