லெர்விக் சொன்ன ஐந்தெழுத்து

இங்கிலாந்தில், கிரிம்ஸ்பி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. வெளியூர் அழைப்புகளை இணைக்கும் பலகை முன்னால் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எங்கள் முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் மிஸ் காத்தோர்ன் நடந்துகொண்டே இருப்பார். அவர் செருப்புச் சத்தம் நின்றால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

எங்கள் ஊர் மீன்பிடிக் கம்பெனிகளுக்குக் குளிர்காலம் முழுக்க வடக்கே இருக்கும் ஷெட்லாண்ட் தீவுகளோடுதான் பேச்சு. எந்தப் படகு எங்கே ஒதுங்கியது, எதில் இன்ஜின் கோளாறு, எல்லாவற்றுக்கும் அங்குள்ள லெர்விக் துறைமுகத்தைக் கேட்க வேண்டும். நான் லெர்விக் எக்ஸ்சேஞ்சைப் பிடிப்பேன். அங்கே இருக்கும் பெண் துறைமுக ஆபீசுக்கு மணி அடிப்பாள். யாராவது எடுக்கிற வரைக்கும் நாங்கள் இருவரும் கம்பியில் சும்மா இருப்போம். பெயர் சொல்லக் கூடாது, சொந்தப் பேச்சு கூடாது. அவளுக்கு நான் கிரிம்ஸ்பி. எனக்கு அவள் லெர்விக்.

ஒருநாள் மணி நெடுநேரம் அடித்துக்கொண்டே இருந்தது.

"கிரிம்ஸ்பி, உங்களுக்கு வார்த்தை விளையாட்டு தெரியுமா?" என்றாள். கரகரத்த குரல்.

விளையாட்டு எளிது. ஒருத்தி மனதில் ஐந்தெழுத்து இங்கிலீஷ் வார்த்தை ஒன்றை வைத்துக்கொள்வாள். எந்த எழுத்தும் அதில் இரண்டு முறை வரக் கூடாது. மற்றவள் தனக்குத் தோன்றிய ஐந்தெழுத்து வார்த்தையைச் சொல்வாள். அதில் எத்தனை எழுத்து தன் வார்த்தையிலும் இருக்கிறது என்று முதலாமவள் எண்ணிக்கை மட்டும் சொல்ல வேண்டும். எந்த எழுத்து என்று சொல்லக் கூடாது. அப்படியே ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, மறைத்துவைத்ததைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு அழைப்புக்கு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நேரம் கிடைக்கும். ஒரு ஆட்டம் முடிய ஒரு வாரம்கூட ஆகும். அழைப்பு விவரம் எழுதும் டிக்கெட் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் குறித்துவைப்பேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்த எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதுண்டு.

லெர்விக் என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரு எழுத்து இல்லை என்று தெரிந்துவிட்டால் அதை மறுபடி தொடவே மாட்டாள். "போன எழுத்து போச்சு, செத்தவங்களைத் தோண்டி எடுக்கக் கூடாது," என்பாள். மூன்று வருஷம் இப்படி ஓடியது. "நீங்க" எப்போது "நீ" ஆனது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

1968 பிப்ரவரியில் பெரிய புயல். என் தம்பி வில்ஃப் போன 'கிரே லின்னெட்' படகிலிருந்து இரண்டு நாளாக ரேடியோவில் பேச்சில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெரிலின் கணவர் அதே படகில் சமையல்காரர். விடுப்பு எடுக்கச் சொன்னார் மிஸ் காத்தோர்ன். வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பதற்குப் பதில் இங்கே வேலையாவது செய்யலாம் என்று இருவரும் வந்துவிட்டோம்.

காலை பத்தரை இருக்கும். படகின் முதலாளி ஆபீசிலிருந்து மறுபடி லெர்விக் கேட்டார்கள். பிடித்தேன். அன்று எல்லா வடக்குக் கம்பிகளையும் மிஸ் காத்தோர்ன் தன் மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் உள்ளே வந்தால் கம்பியில் ஒரு மெல்லிய 'க்ளிக்' கேட்கும். லெர்விக்குக்கும் அது தெரியும்.

"துறைமுக ஆபீஸ் லைன் பிஸியா இருக்கு," என்றாள் லெர்விக். கொஞ்சம் நிறுத்தி, "ஹேவன்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்குமா விளையாட்டு? என் தம்பி அந்தப் படகில் இருக்கிறான் என்று அவளிடம் முந்தின நாள்தான் விதியை மீறிச் சொல்லியிருந்தேன். வாய் தன் பழக்கத்துக்கு "ஒண்ணு" என்று பதில் சொன்னது. லைன் கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்று துண்டித்துவிட்டாள்.

அட்டையைப் பார்த்தேன். நான் மறைத்துவைத்திருந்த வார்த்தை 'மவுத்'. வாய். அவள் முதலில் கேட்டது 'ப்ளேன்'. அதற்கு நான் சொன்ன பதில் பூஜ்யம். அதாவது ஏ இல்லை, ஈ இல்லை, என் இல்லை. 'ஹேவன்' எழுத அந்த மூன்றும் வேண்டும். செத்த எழுத்தைத் தொடாதவள் மூன்றை ஒரே மூச்சில் தோண்டி எடுத்திருக்கிறாள்.

ஹேவன் என்றால் புயலுக்குப் படகு ஒதுங்கும் துறை.

யாரோ எங்கேயோ படகைப் பார்த்துச் சொன்னது அவள் பலகை வழியாகப் போயிருக்கிறது. கம்பியில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

பக்கத்தில் பெரில், கண் சிவந்து, "நம்பர் ப்ளீஸ்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் தெரிந்த அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. ஐந்து நிமிஷம் பொறுத்திருப்பேன். அட்டையில் அந்த ஐந்து எழுத்தையும் பெரிதாக எழுதி, கீழே 'லின்னெட்' என்று போட்டு அவள் பக்கம் நகர்த்தினேன்.

பெரில் படித்தாள். பலகை மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் நின்றது.

அதிகாரபூர்வமான செய்தி வர மூன்று மணி நேரம் ஆனது. படகு ஒரு குடாவுக்குள் நங்கூரம் போட்டிருந்தது. ரேடியோ கம்பம்தான் முறிந்துபோயிருந்தது. பதினாறு பேரும் சுகம்.

சாயங்காலம் மிஸ் காத்தோர்ன் என்னைக் கூப்பிட்டார். அட்டை அவர் மேஜையில் இருந்தது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல மிஸ். அது ஒரு விளையாட்டு."

"நானும் லைன்ல இருந்தேன், ஏவிஸ். எனக்கும் விளையாடத் தெரியும்." அட்டையை இரண்டாகக் கிழித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "நான் மேலிடத்துக்கு எழுதினா உனக்கும் வேலை போகும், அந்தப் பொண்ணுக்கும் போகும். நாளையிலேர்ந்து ஆறு வாரம் நம்பர் கேக்கறவங்களுக்கான விசாரணைப் பலகையில உட்காரு. வடக்கு லைன் பக்கம் தலை வைக்காதே."

வேலை தப்பியது பெரிதுதான். ஆனால் லெர்விக்குக்கு ஒரு நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைப்பாளே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பெரில்தான், "உன் ஆட்டத்தை நான் ஆடுறேன். வார்த்தையைச் சொல்லு," என்றாள். பெரிலுக்கு ஸ்பெல்லிங் சுத்தமாக வராது. சொன்னேன்.

அடுத்த நாள் மதியம் கேன்டீனில் முகம் சிவந்து வந்து உட்கார்ந்தாள்.

"அவ 'ரிஸ்ட்'னு சொன்னா. அது நாலு எழுத்துதானே? ஏமாத்தாதீங்கன்னு சொன்னேன்."

"மணிக்கட்டா? முன்னால ஒரு டபிள்யூ இருக்குடி."

"சத்தமே போடாத எழுத்தை எதுக்கு வச்சிருக்காங்க?" டீயை ஊதினாள். "அவ சிரிச்சுட்டா. 'நீ கிரிம்ஸ்பி இல்ல, அவ எங்க'ன்னு கேட்டா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். என் புருஷன் அந்தப் படகுலதான் இருந்தார்னும் சொன்னேன். அப்புறம் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு."

ஆறு வாரமும் பெரில் தூது போனாள். நான் திரும்பி வந்தபோது அவளுக்கும் விளையாட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. சின்ன அகராதி ஒன்றை மடியில் மறைத்துவைத்துக்கொண்டு மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டாள்.

சில வருஷங்களில், ஜனங்கள் நேரடியாகவே லெர்விக்குக்கு டயல் செய்யலாம் என்று ஆனது. எங்கள் கம்பியின் கடைசி நாள் மிஸ் காத்தோர்ன் ஜன்னல் பக்கம் போய் நின்று, மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் லெர்விக்கும் பெயரும் விலாசமும் சொல்லி எழுதிக்கொள்கிற வரைக்கும் திரும்பவில்லை. அவள் பெயர் ஓஸ்லா.

கடிதங்கள் நிறைய வந்தன, போயின. நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, அபெர்டீனில். ஒல்லியாக, உயரமாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். வந்தவள் குள்ளமாக, உருண்டையாக, காது சரியாகக் கேட்காத கணவரோடு. டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கேக்கைப் பற்றிப் பேசினோம். ரயிலைப் பற்றிப் பேசினோம். அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவள் முகம் எனக்கு யாரோ அந்நியருடையதாக இருந்தது. என் முகம் அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஓஸ்லா எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி, ஜன்னல் பக்கம் பார்க்கும்படி திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"இப்ப பேசு," என்றாள்.

அவள் படகு கிளம்பும் நேரம் வரைக்கும் பேசினோம். கணவர் எங்கள் இருவரின் கேக்கையும் சாப்பிட்டு முடித்தார்.