தீனதயாளனின் குரல் இருந்த பெட்டி

தீனதயாளனுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுப்பதற்கு முன் மூன்று வாரம் உட்கார்ந்து தன் பேச்சை லேப்டாப்பில் பதிந்து வைத்தார். இப்போது அவர் எழுத்துகளைத் தட்டினால், அது அவர் குரலிலேயே பேசும். வேறெங்கும் பிரதி கிடையாது. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருந்தார்.

முதல் வேலையில் பார்த்த கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கிய லேப்டாப் அது. சாம்பல் நிறம், தடித்த மூடி, மேடாக எழும்பிய விசைகள். உள்ளே எல்லாம் இந்த வருஷத்துச் சரக்கு.

கூடுவாஞ்சேரியில் வீடு மாற்றிய அன்று, குளித்துவிட்டு வந்தவர் லேப்டாப் வைத்திருந்த மேஜையைப் பார்த்தார். காலி.

"பழைய பேப்பரு, அந்த ஓட்டைக் கம்ப்யூட்டரு, எல்லாத்தையும் பழைய சாமான்காரன்கிட்ட தள்ளிட்டேன் மாமா," என்றான் உதவிக்கு வந்த மச்சினன் ஜெயக்குமார்.

தீனதயாளன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். மூச்சு விட டாக்டர் போட்டிருந்த கழுத்துத் துளையிலிருந்து காற்றுதான் வந்தது.

"இன்னா மாமா? மூச்சு அடைக்குதா? அக்காவ கூப்புடவா?"

தெருமுனையில் பழைய சாமான் ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. நிறுத்து என்று கத்த முடியவில்லை. வெறுங்காலோடு ஓடினார். ஜிஎஸ்டி ரோட்டில் அது மறைந்தது. துளை வழியே மூச்சு சீறியது, கண் இருட்டியது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு, மறைமலைநகர் போகிற வழியெல்லாம் ஒவ்வொரு பழைய இரும்புக் கடையாகப் பார்த்தார்.

நாலாவது கடை வாசலில் அந்த ஆட்டோ நின்றது. உள்ளே சின்னப்பொண்ணு என்ற பெண் லேப்டாப்பின் மூடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அடிப்பாகத்தின் மேல் சுத்தியலை ஓங்கியிருந்தாள்.

குறுக்கே விழுந்து அதை அணைத்துக்கொண்டார்.

"யோவ், இன்னாயா இது! குடிச்சிக்கினு வந்து கலாட்டா பண்றியா?"

அவள் இழுத்தாள். அவர் விடவில்லை. பவர் பித்தானை அழுத்தினார். உள்ளே விசிறி சுற்றியது. திரைதான் இல்லையே, எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். அது விழித்ததும் அந்தப் பேச்சு மென்பொருள் தானாகத் திறக்க வேண்டும். திறந்ததா? விசைகளைத் தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டினார்.

"உடைக்காதம்மா. என் குரலு இதுலதான் இருக்கு," என்றது லேப்டாப், அவர் குரலில்.

சின்னப்பொண்ணு அவர் மூடிய உதட்டையும் கழுத்துத் துளையையும் மாறி மாறிப் பார்த்தாள். சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"உன் வூட்டு போன் நம்பர் சொல்லு அண்ணாத்த," என்று தன் போனை எடுத்தாள்.

அவர் லேப்டாப்பில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார்.