ஏழாம் மாதத்தில் வீடு மாற்றுவதில்லை

மே மாதத்தில் இரண்டில் ஒன்று போனது.

சாங்ஹுவா நகருக்கு வெளியே, மூடிக் கிடக்கும் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பழைய நூடுல்ஸ் கடையின் மாடியில் சங்கத்தின் அறை இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து நோயில் விழுந்தவர்களும், செத்துப்போனவர்களின் வீட்டாரும் சேர்ந்து வைத்த சங்கம். அதன் செயலாளர் தூ யா-சின். வயது ஐம்பத்து மூன்று. பதினோரு வருடம், முலாம் பூசிய உலோகத்தை அலசும் தொட்டியருகே நின்று வேலை பார்த்தவள். இப்போது ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது.

பத்து வருடமாக அவள் ஒரு வேலையை விடாமல் செய்து வந்தாள். கையடக்க ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், கூட வேலை பார்த்தவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்தாள். நாற்பத்தோரு பேர். அவர்களில் இருபத்தாறு பேர் இப்போது இல்லை. பதிவானதும் அதை இரண்டு வெளி ஹார்ட் டிஸ்குகளில் ஏற்றிவிட்டு, கருவியின் நினைவக அட்டையை அடுத்த ஆளுக்காக அழித்துவிடுவாள்.

அந்த இரண்டையும் தைச்சுங்கில் நடந்த கணினிச் சந்தையில் அவளே பார்த்து வாங்கினாள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நீல நிறம். நல்ல காரியத்துக்கு வாங்குவது ஜோடியாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. விற்றவனும் அதையே சொல்லி, டிஸ்குக்கு ஒன்றாக இரண்டு துணிப்பை கொடுத்தான்.

மே மாதத்தில் ஒரு டிஸ்கைச் செருகியபோது லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே கணினி பழுதுபார்க்கும் யோ ஜென்-பாங்கிடம் கொண்டு போனாள். நாற்பது தாண்டிய ஆள். ஊரில் ஆ-பாங் என்றால்தான் தெரியும். அவன் டிஸ்கைக் காதருகே வைத்துக் கேட்டான்.

"செத்துப்போச்சுக்கா. இன்னொண்ணு எப்ப வாங்குனீங்க?"

"அதே நாள்தான். அதே கடை."

"கல்யாணத்துக்கா வாங்குனீங்க ஜோடியா? ஒரே நாள்ல ஒரே மெஷின்ல செஞ்சது. ஒண்ணு போனா மத்ததும் மூட்டை கட்டுதுன்னு அர்த்தம். வேற வேற கம்பெனில, வேற வேற கடைல ரெண்டு வாங்குங்க. ஒண்ணு ரூம்ல, ஒண்ணு உங்க வீட்ல. இன்னிக்கே."

"சங்கத்துல கேக்கணும்ப்பா."

"ஹார்ட் டிஸ்க் வாங்கறதுக்கா? நீங்கதான செயலாளர்?"

"வாங்கறதுக்கு இல்ல. காப்பி எடுக்கறதுக்கு."

அது உண்மை. பதிவுகளில், தொழிற்சாலைமேல் சங்கம் போட்டிருந்த வழக்குக்கு வேண்டியது மட்டும் இல்லை. கலைந்த கருக்களைப் பற்றி, விட்டுப்போன புருஷன்களைப் பற்றி, யாரிடமும் சொல்லாததையெல்லாம் பெண்கள் அதில் சொல்லியிருந்தார்கள். தொழிற்சாலையின் ஆட்கள் ஒருமுறை இரண்டு வீடுகளுக்குப் பழக்கூடையோடு வந்து, பதிவில் என்ன இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பிறகு சங்கம் தீர்மானம் போட்டது: இந்த இரண்டு டிஸ்குகளைத் தவிர வேறெதிலும் ஏற்றக்கூடாது. இணையத்தில் கூடவே கூடாது. புதிய பிரதி எடுப்பதானால் வீட்டார் ஒப்ப வேண்டும். சங்கத்தின் வக்கீல் ஷென் கூட அந்த அறையில் உட்கார்ந்துதான் கேட்டார். அவரிடம் இருந்தது எழுத்து வடிவம் மட்டும்.

ஜூனில் கூட்டம் கூடவில்லை. மூன்று பேர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஜூலைக் கூட்டத்தை நீதிமன்றத்தின் ஒரு கடிதம் விழுங்கிவிட்டது.

அந்தக் கடிதம் வூ ஜின்-ஹுவோவைப் பற்றியது. ஜின்-ஹுவோ ஷிஃப்ட் மேஸ்திரியாக இருந்தவர். ஈரல் புற்றுநோயில் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, யா-சின்னிடம் எழுபத்தோரு நிமிடம் பேசினார். எந்தெந்த வருடம், எத்தனை பீப்பாய்க் கழிவு, தொழிற்சாலையின் பின்னாலிருந்த கிணற்றில் ஊற்றச் சொன்னது யார் என்று பெயரோடு சொன்னார். ஊற்றியது அவர் கை. கண்ணால் பார்த்த வேறு எவரும் உயிரோடு இல்லை. கம்பெனியின் வக்கீல், எழுத்தில் உள்ளது சங்கத்தின் கற்பனை என்று வாதாடினார். நீதிபதி மூல ஒலிப்பதிவைக் கொண்டுவரச் சொன்னார். சந்திர நாட்காட்டியில் எட்டாம் மாதம் பத்தாம் தேதி என்று நாள் விழுந்தது.

அதே நாட்காட்டியில் ஏழாம் மாதம் பிறந்த இரண்டாம் நாள் ஆ-பாங் தானாகவே சங்கத்துக்கு வந்தான். மிஞ்சியிருந்த டிஸ்கைத் தன் கணினியில் செருகி ஏதோ ஒரு சோதனையை ஓடவிட்டான். திரையில் பச்சைக் கட்டங்களுக்கு நடுவே சிவப்பு விழ ஆரம்பித்தது. டிஸ்கிலிருந்து நகத்தால் மேசையைத் தட்டுவது போல, விட்டுவிட்டு ஒரு சத்தம்.

"கேக்குதாக்கா? நான் போய் ரெண்டு டிஸ்க் வாங்கிட்டு வர்றேன். ரெண்டு மணி நேர வேலை. இப்பவே முடிச்சிரலாம்."

அறையில் அப்போது போங்-சி இருந்தார். ஜின்-ஹுவோவின் மனைவி, எழுபத்து நான்கு வயது. பதினைந்தாம் நாள் படையலில் செத்தவர்களுக்காக எரிக்கும் காகிதப் பணத்தை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தினார்.

"எங்க கொண்டு போறீங்க எங்க கிழவர?"

"எங்கயும் இல்ல பாட்டி. இந்தப் பொட்டி பழசாயிருச்சு. புதுப் பொட்டில மாத்தப் போறோம்."

"இந்த மாசத்துலயா?"

ஆ-பாங் சிரித்தான். "டிஸ்குக்கு என்ன மாசம் பாட்டி?"

"நீ சிரி. உங்கப்பன் ஏழாம் மாசம் கார் வாங்கினானா? வீடு மாத்தினானா? பாதாளக் கதவு தொறந்து செத்தவங்க எல்லாரும் வெளிய வந்திருக்கிற நேரம். இருபத்தாறு பேரு அதுல இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவ வர்றாங்க. வந்து பாக்கறப்ப வீடு மாறியிருந்தா எங்க போவாங்க?"

"பாட்டி, அது வெறும் சத்தம். காந்தத்துல..."

"சத்தம்னா உனக்கு. உயிரோட இருந்தப்பவே பக்கத்து ஊருக்குப் போனா வழி தெரியாது அந்த ஆளுக்கு." யா-சின் பக்கம் திரும்பினார். "வீட்டுக்காரங்க ஒத்துக்கணும்னு எழுதிருக்கில்ல? நான் ஒத்துக்கல. மாசம் முடியட்டும். எட்டாம் மாசம் ஒண்ணாம் தேதி நானே கையெழுத்துப் போடறேன். பத்து நாள் இருக்குதே, போதாதா?"

ஆ-பாங் யா-சின்னைப் பார்த்தான். அவள் டிஸ்கைக் கழற்றினாள். அவள் தன் வீட்டு வாசலிலும் இந்த மாதத்தில் இரவில் துணி காயப்போடுவதில்லை. வீட்டார் ஒப்புதல் என்ற விதியை எழுதியதும் அவள்தான். இன்று மீறினால் நாளை மற்ற வீடுகளுக்கு என்ன பதில் சொல்வது?

"அணைச்சே வச்சிருந்தா ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டாள்.

"அணைச்சே வச்சிருந்தா," என்றான் ஆ-பாங். "தொடவே கூடாது. செருகற ஒவ்வொரு தடவையும் சீட்டாட்டம்தான்."

வக்கீல் ஷென்னிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்தாள். சொன்னால் அவர் அன்றே வந்து நிற்பார், போங்-சியோடு சண்டை வரும். எட்டாம் மாதம் பிறந்ததும் எல்லாம் சரியாகிவிடும். சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் மதியம் நூடுல்ஸ் கடையின் முன்னே மேசைகள் போட்டார்கள். வெந்த கோழி, மீன், பன்றி இறைச்சி, அன்னாசி, பிஸ்கட் பெட்டிகள், பீர் டப்பாக்கள். மேசைக்குக் கீழே, வரும் ஆவிகளுக்கு முகம் கழுவும் பாத்திரமும் புதுத் துண்டும். நாற்பது பேர்வரை வந்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் படையல் முடிந்ததும் இறந்தவர்களில் சிலரின் குரலை ஒலிபெருக்கியில் போடுவது சங்கத்தின் வழக்கம். ஆறு வருடமாக முதலில் போடுவது ஜின்-ஹுவோவை.

யா-சின் அந்த வருடம் போடாமல் தப்பிக்கப் பார்த்தாள்.

"ஸ்பீக்கர் சரியில்லக்கா."

"நேத்து கோயில்ல அதே ஸ்பீக்கர்தானே கத்திச்சு?" என்றார் போங்-சி. "அஞ்சு நிமிஷம் போடு ஆ-சின். இவ்ளோ தூரம் வந்திருக்காரு. வயித்த நெறைச்சு வெறும் காதோடயா அனுப்பறது?"

கூட்டத்தில் யாரோ, "மேஸ்திரி திட்டாம எங்களுக்குச் சோறு எறங்காது, போடுக்கா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பெண்கள் ஏற்கெனவே கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு தடவை என்று யா-சின் நினைத்தாள். ஆ-பாங் தன் கடையில் இருந்தான். அவனைக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான். கூப்பிட்டால் வேண்டாம் என்பான்.

டிஸ்க் சுழன்றது. லேப்டாப் அதைக் கண்டுகொண்டது. அவள் விட்ட மூச்சு அவளுக்கே கேட்டது. கோப்பைத் திறந்தாள்.

"பேரு வூ ஜின்-ஹுவோ," என்றது ஒலிபெருக்கி, கட்டைக் குரலில். "பொறந்தது மின்குவோ வருஷம் முப்பத்தாறு. இது ஓடுதா? வெளக்கு எரியுதா?" பதிவுக்குள் யா-சின்னின் குரல், "ஓடுது, சொல்லுங்கண்ணா," என்றது. அவர் தண்ணீர் கேட்டார். ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குறை சொன்னார். கூட்டம் சிரித்தது. "சரி, கிணத்த சொல்றேன்," என்றார். "அந்த வருஷம் மழை இல்ல. பின்பக்கம் கேட்டுக்குச் சாவி எங்கிட்ட..."

நின்றது.

"பாத்தியா!" என்று போங்-சி தொடையில் தட்டினார். "கோழியப் பாத்ததும் பேச்ச நிறுத்திட்டாரு. உசுரோட இருந்தப்பவும் இதேதான்."

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஊதுவத்திப் புகை மேசைமேல் தாழ்ந்து நின்றது. யா-சின் மட்டும் குனிந்திருந்தாள். டிஸ்குக்குள் தகரத்தில் ஆணி இழுபடும் ஓசை சீராகக் கேட்டது. பிடுங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். லேப்டாப் எடுக்கலாம் என்று சொல்லும்வரை எடுக்கக்கூடாது என்றும் எப்போதோ யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தச் செய்தி வரும் என்று காத்திருந்தாள். ஒரு நிமிடத்துக்கும் மேல் காத்திருந்தாள்.

மெஷின் கோளாறு, தைபேயில் சரி செய்வார்கள் என்று கூட்டத்திடம் சொன்னாள்.

தைபேயில் இப்படிப்பட்டவற்றை மீட்டெடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு ஆ-பாங்கே ரயிலில் கொண்டு போனான். திட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பதினெட்டு நாள் கழித்து அங்கிருந்து ஒருவர் பேசினார். குரலில் அவசரமே இல்லை.

"உள்ள தட்டு உரசியிருக்குங்க. மேல்பூச்சு சுரண்டி வந்திருச்சு. பூச்சு போன எடத்துல எழுதினது போனதுதான். சுரண்ட ஆரம்பிச்ச அப்பறமும் ரொம்ப நேரம் ஓடவிட்டிருக்கீங்க போல?"

"எவ்வளவு கெடைக்கும்?"

"பத்தொம்பது பதிவு முழுசா. பதினாறு அரைகொறை. அஞ்சு சுத்தமா இல்ல. நீங்க கேட்ட அந்த ஒண்ணு, முதல் நாலு நிமிஷம் கெடைச்சிருக்கு."

"நாலு நிமிஷத்துல கிணறு வருதா?"

"கிணறா? கஞ்சி வருதுங்க."

வக்கீல் ஷென் தன் அலுவலகத்தில் கதவைச் சாத்திவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"டிஸ்க் கெடுதுன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மே மாசம்."

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்த நாலு நிமிஷத்தக் குடுப்போம்," என்றார். "இப்படி ஒருத்தர் இருந்தாரு, பேசினாருங்கறதுக்காவது ஆகும். மத்தவங்க பதிவு நோய்க்கு சாட்சி. கிணத்துக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்ல."

"நான் கேட்டேன். என் காதால கேட்டேன். நான் சாட்சி சொல்றேன்."

"சொல்லலாம். செத்தவர் சொன்னதா, வழக்குப் போட்டவங்களே சொல்றாங்கன்னு எழுதிக்குவாங்க."

எட்டாம் மாதம் பத்தாம் தேதி நீதிமன்றத்தில் அந்த நான்கு நிமிடத்தைப் போட்டார்கள். கம்பெனியின் வக்கீல் எழுந்து, குரல் அடையாளத்தில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். கிணறு பற்றிய எழுத்து வடிவத்துக்கு மூலம் இல்லை என்பதால் அதை ஆதாரங்களிலிருந்து நீக்கக் கோரினார். நீதிபதி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். எல்லாம் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

போங்-சி பின் வரிசையில் நல்ல உடுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தார். புருஷன் கஞ்சியைக் குறை சொன்ன இடத்தில் அவர் சிரித்ததை யா-சின் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். முதல் தேதியன்று சொன்னபடி அவர் கையெழுத்தைப் போட்டிருந்தார். பிறகு பிரதி எடுத்தாயிற்றா என்று அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

வெளியே நடைபாதையில், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு போங்-சி கேட்டார்: "சத்தம் எவ்ளோ தெளிவா இருக்கு! சரி பண்ணிட்டாங்களே. மீதிய எப்ப போடுவாங்க? சாயங்காலமா?"

"மீதி இல்லக்கா."

"இன்னிக்கு இல்லியா?"

"எப்பவும் இல்ல. அழிஞ்சுபோச்சு. அன்னிக்குப் படையல்ல போட்டப்ப."

போங்-சி அவள் முகத்தைப் பார்த்தார். "அந்தப் பையன் புதுப் பொட்டி வாங்கிட்டு வர்றேன்னானே. அன்னிக்கே மாத்தியிருந்தா?"

"இருந்திருக்கும்."

"எல்லாமேயா? கிணறு, சாவி, அந்தப் பயலுங்க பேரு, எல்லாம்?"

"எல்லாமே."

போங்-சி மடியில் இருந்த பையின் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். "நான்தான் வேணாம்னேன்," என்றார்.

இல்லை, டிஸ்க் எப்படியும் போயிருக்கும் என்று ஒரு பொய் யா-சின்னின் வாய்வரை வந்தது. அந்தப் பொய்யை போங்-சி நம்பியிருப்பார்.

"நீங்க சொன்னீங்க. நான் கேட்டேன்," என்றாள். "அப்பறம் நானே செருகினேன்."

அடுத்த வழக்கின் ஆட்கள் வந்து பெஞ்சருகே நின்றார்கள். காவலர் கையசைத்து இடம் விடச் சொன்னார். யா-சின் எழுந்து கையை நீட்டினாள். போங்-சி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்து, மின்தூக்கிக்குப் போகாமல், படிக்கட்டுப் பக்கமாக நடந்தார்.