கதவருகே நின்ற கேப்டன்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆசை ஆசையாக வாங்கிய விண்வெளி கேமில், பெண் கேப்டன் ஒருத்தியைக் கப்பலுக்குள் நடத்துவதையும் பட்டனை அமுக்கிக் கதவைத் திறப்பதையும் தவிர வேறு வேலையே இல்லை. அதையும் உருப்படியாகச் செய்யவிடாமல் படம் திக்கித் திக்கி நகர்ந்தது.

“பகல் முழுக்க இதைத்தானே செய்றேன். வீட்டுக்கு வந்தும் அதே கதவு, அதே பட்டன்,” என்று அணைக்கப் போனார்.

“அணைச்சிடாதீங்க மாப்பிள்ளை,” என்றார் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார். “அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது. நடக்கத்தானே வேணும், இப்படிக் குடுங்க.”

கன்ட்ரோலரை வாங்கி, கேப்டனை மெல்ல மெல்லக் கடைசிக் கதவுவரை கொண்டுபோய்ச் சேர்த்தார். இதுவரை துணையாக வந்து இப்போது பழுதாகிவிட்ட ரோபோவை அங்கேயே விட்டுவிட்டு அவள் கிளம்ப வேண்டும். வழக்கம்போல் கேம் சிக்கிக்கொண்டது. கேப்டன் ஓர் அடி வைத்தாள், நின்றாள். இன்னோர் அடி வைத்தாள், மறுபடி நின்றாள்.

“பாருங்க, அவளுக்குக் கால் எழும்பல. இத்தனை நாள் கூடவே இருந்ததை விட்டுட்டுப் போக மனசு வருமா,” என்று மாமியார் மடித்த துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது கேமின் கோளாறு என்று சொல்ல வாயெடுத்த மெக்கானிக் மென்று முழுங்கினார்.

மறுநாள் அந்தக் காட்சியைக் காட்ட மாமியார் தன் தங்கையையும் கூட்டிவந்துவிட்டார். திரையில் ஓர் அறிவிப்பு: படம் திக்காமல் ஓட அப்டேட் தயார். சிக்கியதை விடுவிப்பதையே பிழைப்பாகக் கொண்ட மெக்கானிக், ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பட்டனை அமுக்கினார்.