ஜெஸ்ஸி சொன்னதும் மாத்திரை சொன்னதும்

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்ட ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. பேகம்பேட்டில் ஒரு மாடியில் இருக்கும் பெண்கள் மருத்துவரின் கிளினிக். என் மனைவி மைதிலி, "நீங்க வெளியவே இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தாள். எனக்கு முன்வரிசையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். முதுகு மட்டும்தான் தெரிந்தது. கைபேசியில் யாரிடமோ தணிந்த குரலில் தமிழில் சொன்னார்:

"நான் அழல. மாத்திரை அழுவுது."

ஹைதராபாத்தில் காதில் தமிழ் விழுந்தால் அந்தப் பக்கம் கவனம் போய்விடும். இங்கே இருக்கும் எங்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி அது. மைதிலி வெளியே வந்தாள், அவர் உள்ளே போனார், நாங்கள் கொண்டாப்பூருக்குக் கிளம்பிவிட்டோம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது. அவருக்கு ஜெஸ்ஸி என்று பெயர் வைத்ததும் நான்தான்.

2

முதல் தொடக்கம்: ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஜெஸ்ஸி கம்பியைப் பிடித்தபடி

(மைதிலி இதுவரைக்கும்தான் படித்தாள். "நீங்க எழுதுற பொம்பளைங்க ஏன் எப்பவும் ஜன்னல்கிட்டயே நிக்கிறாங்க? அவங்களுக்கு வேலைவெட்டி கிடையாதா?" அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: மாதவிடாய் முற்றும் பருவத்தில் பெண்ணின் உடலில் சுரக்கும்

(இது ஆஸ்பத்திரிச் சுவரொட்டி. வேண்டாம்.)

மூன்றாவது: செகந்திராபாத் ரயில்வே முன்பதிவு மையத்தில் ஜெஸ்ஸியின் கவுண்டருக்கு முன்னால் வரிசை எப்போதும் நீளமாகத்தான் இருக்கும்.

இது இருக்கட்டும். ஏன் நீளம் என்றால், அவள் தெலுங்குக்காரரிடம் தெலுங்கிலும் பழைய நகரத்துக்காரரிடம் அவர்களுடைய தக்கனி உருதுவிலும் பேசுவாள். தமிழ் முகமாகத் தெரிந்தால், "இன்னா, அரக்கோணமா?" என்று கேட்டுவிட்டுத்தான் படிவத்தை வாங்குவாள். தாத்தா காலத்தில் ரயில்வே பணிமனை வேலைக்கு வந்த குடும்பம். லாலாகுடா காலனியில் பிறந்தவள். கணவர் எட்வினும் அதே பணிமனையில் வேலை பார்த்து அண்மையில் ஓய்வு பெற்றவர். மல்காஜ்கிரியில் இருவர் பேரிலும் ஒரு ஃபிளாட். ஒரே மகன் சந்தீப் கொண்டாப்பூரில் ஐடி கம்பெனியில் இருக்கிறான்.

3

ஐம்பத்தொன்றாம் வயதில் ஜெஸ்ஸிக்குள் அடுப்பு மூண்டது. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து கிளம்பி முகம்வரை சூடு ஏறும். நெற்றி வேர்வை விசைப்பலகையில் சொட்டும். தூக்கம் போயிற்று. மருத்துவர் இரண்டு மருந்து கொடுத்தார். ஒன்று தினமும் காலையில் கையில் தடவும் ஜெல். மற்றது மாதத்தின் பின்பாதியில் படுக்கப்போகும்போது விழுங்கும் கேப்ஸ்யூல், புரோஜெஸ்டிரான்.

ஜெல் கேட்டது. சூடு அடங்கியது. பல மாதங்கள் கழித்து ஜெஸ்ஸி விடிய விடியத் தூங்கினாள்.

கேப்ஸ்யூல் வேறு கதை. அதைப் போடுகிற நாட்களில் காலையில் எழுந்தால் தலை தன்னுடையதாகவே இருக்காது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போவாள். வயிறு உப்பிக்கொள்ளும். மார்பு கனத்து வலிக்கும்.*

(* மார்பு வலி என் முதல் பிரதியில் இல்லை. படித்துவிட்டு மைதிலிதான், "மார்வலியை விட்டுட்டீங்க" என்றாள். "உனக்கெப்படித் தெரியும்?" என்றேன். துணி மடிக்க எழுந்து போய்விட்டாள்.)

எல்லாவற்றுக்கும் மேலே அழுகை. துக்கத்தில் வருகிற அழுகை அல்ல. குழாயில் வாஷர் தேய்ந்துபோனால் சொட்டுமே, அந்த மாதிரி.

ஒருநாள் கவுண்டரில் ஒரு பெரியவர் அஜ்மீர் டிக்கெட்டை ரத்து செய்ய வந்தார். ஜெஸ்ஸி படிவத்தை வாங்கினாள், பெயரைப் பார்த்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. பெரியவர் பதறிவிட்டார்.

"கைக்கு ரோரே மேடம்? கேன்சல் நக்கோ! நக்கோ! மை சலா ஜாதூம்!"

ஏன் அழுகிறீர்கள், ரத்தே வேண்டாம், நான் போய்விட்டே வருகிறேன் என்கிறார் மனிதர். வரிசையே சிரித்தது. அழுதுகொண்டே ஜெஸ்ஸியும் சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவினாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, இதைச் சொல்லி இன்னொருமுறை சிரிக்க ஆள் வேண்டும்போல் இருந்தது. யாரும் நினைவுக்கு வரவில்லை.

4

எட்வினை வில்லனாக எழுதினால் எனக்குச் சுலபம். ஆனால் மனிதர் அப்படி இல்லை. காலையில் அவள் தள்ளாடும்போது டீ போட்டுக் கையில் கொடுப்பவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கும் பேச்சுத்துணை இல்லை. லிஃப்டில் பார்க்கிறவர்கள் யாரும் பணிமனையில் கூப்பிட்ட மாதிரி அவரை "மிஸ்திரி" என்று கூப்பிடுவதில்லை. ஜோலார்பேட்டையில் தம்பி தேவசகாயம் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே மனை கிடைக்கிறது. ஃபிளாட்டை விற்றுவிட்டு அங்கே போய்விடலாம், ஜெஸ்ஸியும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளட்டும் என்பது அவர் யோசனை.

அந்தப் பேச்சு முதலில் வந்தது ஒரு மாத்திரை நாளில்.

"எனக்கு வேணாங்க" என்றாள் ஜெஸ்ஸி. "ஜோலார்பேட்டை எனக்கு கல்யாணம் கார்த்திக்குப் போற ஊரு. அங்க எல்லாருக்கும் நான் எட்வின் பொண்டாட்டி, அவ்ளோதான்." சொல்லும்போதே கண் வழிந்தது. எட்வின் முகம் வாடியதைப் பார்த்து அவரைத் தேற்றுவதற்காக அவளே சொன்னாள்: "ஐயோ, நான் அழலங்க. மாத்திரை அழுவுது."

நான் ரசித்துப் பொறுக்கிக்கொண்டு வந்த வாக்கியம். எழுதிப் பார்த்தபோதுதான் அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தது. எட்வின் அதைப் பற்றிக்கொண்டார். பொல்லாத்தனமாக அல்ல, அவருக்கும் அது நிம்மதியாக இருந்தது. அன்றிலிருந்து அவள் எதை மறுத்தாலும், குழம்பில் உப்பைப் பற்றி முணுமுணுத்தாலும், தலையைச் சாய்த்து ஒரே கேள்விதான்:

"இன்னா, மாத்திரையா?"

ஜோலார்பேட்டை பேச்சு மறுபடி வந்தது. மறுபடி அவள் வேண்டாம் என்றாள். "சரி, மாத்திரை நாள் போவட்டும், அப்பால பேசிக்கலாம்" என்றார். அந்த நாட்கள் போயின. அவர் பேசவில்லை. அடுத்த மாத்திரை நாளில் வீடு பார்க்கத் தரகர் வெங்கட் வந்து நின்றார்.

அன்று ஜெஸ்ஸி மகனுக்குப் போன் செய்தாள். அவள் தமிழில் சொல்ல, வழக்கம்போல் அவன் தமிழைத் தவிர மற்றதிலெல்லாம் பதில் சொன்னான்.

"மம்மி, டாடி டோல்ட் மீ. தவாயி கா அசர் ஹை, நத்திங் எல்ஸ். டோன்ட் டிசைட் எனிதிங் நவ், ஓகே?"

எல்லாம் மருந்தின் வேலையாம். இப்போது எதையும் முடிவு செய்ய வேண்டாமாம்.

"டாடி முடிவு பண்ணிட்டாருடா" என்றாள் ஜெஸ்ஸி. "மீட்டிங் மம்மி, பாத்மே" என்று வைத்துவிட்டான். அப்புறம் பேசலாமாம்.

5

கேப்ஸ்யூலை நிறுத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஜெல்லை மட்டும் தடவிக்கொண்டாள், சூடு திரும்பி வந்துவிடக் கூடாதே என்று.

(மருத்துவரைக் கேட்காமல் இப்படி ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைத் தொடர்வது தப்பு. ஜெஸ்ஸிக்கு அது தெரியாது. உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.)

எட்வினுக்கு நிரூபிக்க அல்ல, தனக்கே தெரியவேண்டியிருந்தது. ஒருவேளை நிஜமாகவே மாத்திரைதான் பேசுகிறதோ? அது போய்விட்டால் தனக்கும் ஜோலார்பேட்டை பிடித்துவிடுமோ? அந்தப் பயம் அவளுக்கு இருந்தது.

மாதத்தின் பின்பாதி வந்தது. தலை லேசாக இருந்தது, கண் வற்றியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து வெங்காயம் நறுக்கும்போது, கேஸை அணைத்தோமா என்று பார்ப்பதுபோல் தன் மனசுக்குள் எட்டிப் பார்த்தாள். அழுகை போயிருந்தது. "வேண்டாம்" போகவில்லை. அப்படியே கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அன்று மதியம் எட்வினுக்குக் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டே சிரித்த முகமாகச் சொன்னாள்: "அந்தத் தரகர வரவேணாம்னு சொல்லிடுங்க. நான் இந்த ஊர விட்டு வர்ல."

எட்வின் அண்ணாந்து பார்த்தார். "இன்னா ஜெஸ்ஸி, மாத்திரையா?"

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. ஏன் அப்போதே போட்டு உடைக்கவில்லை? நான் மாத்திரையை விட்டு நாளாச்சு என்று சொன்னால் தீர்ந்ததே! கோபம் என்று எழுதினேன், ஒட்டவில்லை. பயம் என்று எழுதினேன், அதுவும் இல்லை. மைதிலியிடம் கேட்டேன்.

"சொன்னா, டாக்டரைக் கேக்காம ஏன் நிறுத்தினேன்னு பேச்சு அந்தப் பக்கம் போயிடும். வீட்டு விஷயம் நின்ன இடத்துலயே நிக்கும்" என்றாள். அப்புறம், "அதோட, அவர் எத்தனை தடவைதான் கேக்கறார்னு பார்க்கலாம்னு இருந்திருப்பா" என்றாள்.

எட்வின் நிறைய தடவை கேட்டார்.

6

மூன்றாம் மாதம், ரம்ஜான் கூட்டம் அலைமோதும் ஒரு மதியத்தில், ஜெஸ்ஸிக்குத் தொடை நனைவது தெரிந்தது. நின்றுபோனதாக நினைத்திருந்தது திரும்பி வந்திருந்தது, சாதாரணமாக அல்ல. கவுண்டரை மூடும் பலகையை வைத்துவிட்டுச் சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். கழிவறையில் உட்கார்ந்து கைபேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். எட்வின். சந்தீப். சர்ச் பாடகர் குழு. சூப்பர்வைசர். தேவசகாயம் வீட்டுக்காரி. கடைசிப் பெயர்வரை போய்விட்டுக் கிளினிக் எண்ணைக் கூப்பிட்டாள்.

ஸ்கேன் எடுக்க வேண்டும், உள்ளிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், துணைக்கு ஆள் அழைத்து வரவேண்டும் என்றார்கள். எட்வின் வந்தார். மருத்துவர் அவரையும் உள்ளே உட்காரச் சொன்னார். (பேசியது தெலுங்கில். அதட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.)

"கேப்ஸ்யூல் ஒழுங்கா போட்டீங்களா?"

ஜெஸ்ஸி மேசையைப் பார்த்தாள். "இல்ல மேடம். விட்டுட்டேன்."

"எப்போலேர்ந்து?"

"மூணு மாசமா."

"மூணு மாசமா தொடவே இல்லையா? ஜெல் மட்டும் தனியா போட்டா கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும்மா. அதைக் காவல் காக்கத்தான் அந்தக் கேப்ஸ்யூல்! ஒத்துக்கலைன்னா என்கிட்ட சொல்லணும். வேற வழி இல்லையா என்ன?"

ஜெஸ்ஸி தலையாட்டினாள். எட்வின் மருத்துவரைப் பார்க்கவில்லை. தன் முழங்கால்மேல் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பணிமனைக் கணக்கர் மாதிரி அவருக்குள் ஏதோ பின்னோக்கி ஓடியிருக்க வேண்டும்: குழம்பு ஊற்றிய ஞாயிறு, அதற்கப்புறம் "மாத்திரையா?" என்று கேட்ட ஒவ்வொரு நாள், கேஸ் சிலிண்டருக்காகப் போட்ட சண்டை. எல்லாவற்றிலும் பேசியது ஜெஸ்ஸி.

பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க அவர் "மாத்திரையா?" என்று கேட்கவில்லை. வேறு எதுவும் கேட்கவும் இல்லை. ரசம் வைத்தார், துணி காயப்போட்டார். கேலியாவது இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. அந்த வாரம்தான் ஜெஸ்ஸிக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

7

முடிவில் என்ன வருகிறது என்பது என் கையில் இருந்தது. ஒரு பிரதியில் கெட்டதாகவே எழுதினேன். எட்வின் உடைந்து அழுகிறார், ஜோலார்பேட்டையை மறக்கிறார். மைதிலி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அவளுக்குப் பெரிய வியாதி வந்தாத்தான் அவ புருஷனுக்குக் காது கேக்குமா?"

இன்னொன்றில் எட்வின் அவள் கையைப் பிடித்து, என்னை மன்னித்துவிடு ஜெஸ்ஸி, இத்தனை நாளாக நான்

("எந்த ஊர் எட்வின் இவர்?" என்றாள் மைதிலி.)

ஆகவே: முடிவு நல்லதாகத்தான் வந்தது. உள்சுவர் தடித்திருக்கிறது, கெட்டது எதுவும் இல்லை. மருத்துவர் வேறு வழி சொன்னார். அதே கேப்ஸ்யூலை விழுங்காமல் கீழே உள்ளே வைத்துக்கொள்ளலாம். மயக்கமும் அழுகையும் குறைவாக இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் கர்ப்பப்பைக்குள்ளேயே பொருத்தும் 'காயில்' என்ற சின்ன மருந்துக் கருவி இருக்கிறது. "அழுகை சுத்தமா போயிடும்னு சொல்லமாட்டேன்" என்றார். "ஆனா வந்தா மறைக்காதீங்க."

8

பேகம்பேட் ஸ்டேஷனில் உள்ளூர் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். சிமெண்ட் பெஞ்சில் இருவருக்கும் நடுவே மருந்துக்கடைப் பை.

ஜெஸ்ஸி பேசினாள்: "இன்னிலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கணும். ஒத்துக்குமோ இல்லியோ தெரியாது. திரும்ப அழுதாலும் அழுவேன். அதான் இப்பவே சொல்லிடறேன், இன்னும் பிரிக்கக்கூட இல்ல பாருங்க. நான் ஜோலார்பேட்டைக்கு வர்ல. நாளைக்கு அழுதுக்கினே சொன்னாலும் இதேதான்."

எட்வின் தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ரொம்ப நாளைக்கப்புறம் முகத்தைப் பார்த்தார் என்று எழுதலாம், அது உண்மையாகவும் இருக்கும்.

அப்புறம் வாயைத் திறந்தார்.

இந்த இடத்தில் எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். நான் எழுதும் ஒவ்வொரு பதிலும் கணவன்மாருக்கு வசதியாகவே வந்து விழுகிறது. ஒன்று அவர் அழகாகத் தோற்றுப்போகிறார், அல்லது அழகாகத் தனியே ஊருக்குப் போகிறார். ஜெஸ்ஸி தன் பங்கைச் சொல்லி முடித்துவிட்டாள். அதில் சேர்க்கவோ திருத்தவோ ஒன்றும் இல்லை. காலியாக இருப்பது அவர் வாக்கியம்தான். மைதிலியிடம் கேட்டேன். "அது ஆம்பளைங்க சொல்ல வேண்டியது. நான் ஏன் எழுதித் தரணும்?" என்றாள்.

ரயில் வந்தது. கதவு நிறைய ஆட்கள். ஜெஸ்ஸி எழுந்திருக்கவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நடுவில் இடம் விட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் போய்விட்டது.

அடுத்த ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், எட்வின் என்ன சொன்னார்?