கோர்ட் பார்க்க வந்த வார்டு

கோர்ட் அனுப்பிய குழு வருகிறது என்றதும் பச்சிளம் குழந்தைகள் வார்டுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. சுவருக்குப் புதுப் பெயின்ட், கூரையில் கண்ணைப் பறிக்கும் விளக்குகள். மூன்று மூன்று குழந்தைகளாக நெருக்கிப் படுக்கவைத்த கண்ணாடிப் பெட்டிகளில் இப்போது பெட்டிக்கு ஒரே குழந்தை.

இதே வார்டில் பிள்ளையைப் பறிகொடுத்து வழக்குப் போட்டவள் தனியாக வந்திருந்தாள். "போன உசுரு திரும்பியா வரப்போகுது?" என்று புருஷன் வீட்டிலேயே தங்கிவிட்டான். அன்று கூடவே அழுத நர்ஸ்கூட இன்று அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

"உங்க குழந்தைய எந்தப் பெட்டியிலம்மா வச்சிருந்தாங்க?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

அவள் திருதிருவென்று விழித்தாள். எதுவுமே பிடிபடவில்லை.

"பாத்தீங்களா சார்? யாரோ தூண்டிவிட்டு வந்திருக்காங்க" என்றார் பெரிய டாக்டர், வாயெல்லாம் பல்லாக.

"லைட்ட எல்லாம் அணைங்க சார், காட்டுறேன். அன்னைக்கு ராத்திரி பூரா கரண்டு இல்ல. இருட்டுல தடவித் தடவித்தான் எம்புள்ளகிட்ட போனேன்."

டாக்டர் பதறிப்போய் சுவிட்சுகளை மறைத்து நின்றார். "என்னம்மா பேசுற? உள்ள பச்சப்புள்ளைங்க இருக்குதுங்க!"

"அன்னைக்கும் இருந்துச்சுங்க, சார்."